நின்று ஆட ஆள் இல்லையே!

(நம் குடியிருப்பின் பொங்கல் விழா மாலையில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னிடம், "சார், நீங்க ஏதாவது உபயோகமா பேசுங்க. சீனியர் சிட்டிசன் டெபாசிட், நாமினேஷன், உயில் இந்த மாதிரி" என்றுதான் கேட்டார். நான் 38 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். வட்டி விகிதம் பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது. "டெஸ்ட் மேட்ச் பேட்டிங் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. கவலைப்பட வேண்டாம், உபயோகமான விஷயம் ஒன்றும் கைவசம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

போன நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. இதே ஹாலில், அதோ அந்த டி.வி. முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட். மூன்றாவது நாள். இந்தியா ஜெயிக்க வேண்டியது 124 ரன். "சாயங்காலக் காபிக்குள்ள முடிச்சிடுவாங்க" என்றார் சி பிளாக் நண்பர். முடிந்தது உண்மைதான். 93 ரன்னில் நாம் முடிந்தோம். கேப்டன் கில் கழுத்து வலியால் பேட் பிடிக்க வரவில்லை; மற்ற ஒன்பது விக்கெட்டும் விழுந்தன. 30 ரன்னில் தோல்வி.

எனக்கு வருத்தம் தந்தது தோல்வி அல்ல. தோல்வி நமக்குப் பழக்கம்தான். எழுபதுகளிலிருந்து கிரிக்கெட் பார்ப்பவன் அதற்கெல்லாம் அசைய மாட்டான். ஆட்டம் முடிந்ததும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினார். பழைய படம் ஒன்று ஓடியது. எல்லாரும் அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். யாருக்கும் கோபம்கூட வரவில்லை. அன்று ராத்திரி அதை யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஒரு வாரத்தில் அடுத்த டெஸ்ட் குவாஹாட்டியில். அங்கே 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ரன் கணக்கில் இந்தியா கண்ட தோல்விகளிலேயே பெரியது அதுதான். தென்னாப்பிரிக்கா இங்கே வந்து தொடரை வென்றது 2000-க்குப் பிறகு இப்போதுதான். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2024 அக்டோபரில், பெங்களூரில் நியூஸிலாந்திடம் 46 ரன்னுக்கு ஆல் அவுட். ஐந்து பேர் பூஜ்யம். சொந்த மண்ணில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர். அது மழை ஈரம், வேகப்பந்து என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்து புனேயில் சுழலும் பிட்ச். மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். அதற்கு முன்பு டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தே இராதவர் அவர். மும்பையில் 147 எடுக்க வேண்டும், 121-ல் அவுட். மூன்றுக்கு மூன்றும் போயிற்று. பன்னிரண்டு வருஷமாகச் சொந்த மண்ணில் ஒரு தொடர்கூடத் தோற்காத அணி இது.

இப்போது என் வயதுக்காரர்கள் சிலர், "அந்தக் காலத்துல பாருங்க சார்" என்று ஆரம்பிப்பார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பி.காம். படித்தவன், பாஸ்புக்கில் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் நம்ப மாட்டேன். அந்தக் காலத்திலும் நாம் நன்றாகவே தோற்றிருக்கிறோம். 1952-ல் லீட்ஸில் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் ஸ்கோர் போர்டில் ரன் பூஜ்யம், விக்கெட் நாலு. அதே டூரில் மான்செஸ்டரில் ஒரே நாளில் இரண்டு இன்னிங்ஸும் முடிந்தது: 58, 82. 1974-ல் லார்ட்ஸில் 42. அதில் கவாஸ்கரும் உண்டு, விஸ்வநாத்தும் உண்டு. பொற்காலம் என்று ஒன்று இருந்ததாக யாராவது சொன்னால், ஸ்கோர் கார்டைக் கேளுங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளை மட்டம் என்று சொல்லவும் முடியாது. போன ஜூலையில் அதே மான்செஸ்டரில் என்ன நடந்தது? முதல் ஓவரிலேயே ரன் எடுப்பதற்கு முன் இரண்டு விக்கெட். கில் சதம், ராகுல் 90, ஜடேஜாவும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் ஆளுக்கொரு சதம் அடித்து அவுட் ஆகாமல் நின்று, 143 ஓவர் ஆடி டிரா செய்தார்கள். அந்தத் தொடரில் கில் எடுத்தது 754 ரன். இவர்களிடம் ஷாட் இல்லையா? திறமை இல்லையா? எங்கள் காலத்தில் யாரும் கனவுகூடக் காணாத ஷாட்டெல்லாம் இவர்கள் அடிக்கிறார்கள்.

அப்படியானால் எதுதான் தேய்ந்துபோனது?

பிட்ச் நன்றாக இருந்தால் இவர்கள் ராஜா. பந்து கொஞ்சம் எழும்பினால், கொஞ்சம் திரும்பினால், மொத்தமாகச் சரிகிறார்கள். முன்பும் சரிந்தோம், ஆனால் அந்தச் சரிவுக்கு நடுவில் யாராவது ஒருத்தர் நிற்பார். பத்துப் பேர் போனாலும் ஒரு முனையில் ஒருத்தர் இருப்பார். அந்த ஒருத்தரைத்தான் இப்போது காணோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான வவுச்சர்.

1975, பொங்கல் சமயம். எனக்குப் பதினைந்து வயது. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை சலூன் வாசலில், முடி வெட்டிக்கொள்ளாத கூட்டம்தான் அதிகம். எல்லாரும் ரேடியோவுக்காக நிற்பவர்கள். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். இந்தியா மொத்தம் 190. அதில் விஸ்வநாத் மட்டும் 97, நாட் அவுட். கூட நிற்க ஆள் தீர்ந்துபோனதால் சதம் கிடைக்கவில்லை. பாதிக்கு மேலே ஒரே ஆள். அந்த டெஸ்டை நாம் 100 ரன்னில் ஜெயித்தோம். மூன்று ரன்னில் சதம் போயிற்றே என்று சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வருத்தப்பட்டது ஞாபகம் இருக்கிறது. நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் சேர்ந்து வருத்தப்பட்டார்.

அடுத்தது 1987 மார்ச். பெங்களூர், பாகிஸ்தானுடன் கடைசி டெஸ்ட். கவாஸ்கருக்கும் அதுதான் கடைசி டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மனீந்தர் சிங் 27 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுக்க, பாகிஸ்தான் 116 ரன்னில் சுருண்டது என்றால் பிட்ச் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் நமக்கு 221 வேண்டும். இக்பால் காசிமும் தவ்சீஃப் அகமதும் போடும் பந்து ஒன்று தலைக்கு எழும்புகிறது, ஒன்று கணுக்காலுக்குப் போகிறது.

நான் அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் சேவிங்ஸ் கவுண்டரில் இருந்தேன். வேலை நாள். ரெக்கார்ட் ரூமில், பழைய லெட்ஜர்களுக்கு நடுவே ஒரு டிரான்சிஸ்டரை ஒளித்து வைத்திருந்தோம். வவுச்சர் எடுக்கப் போகிற சாக்கில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் போய்க் கேட்டுவிட்டு வருவோம். மேனேஜர் கண்டிப்பானவர். ஒருநாளும் கவுண்டர் பக்கம் வந்து நிற்க மாட்டார். அன்று வந்தார். மெதுவாகக் குனிந்து, "கவாஸ்கர் இருக்காரா?" என்றார். அவ்வளவுதான் கேள்வி. பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, "பணம் கிடக்கட்டும் தம்பி, அவர் இருக்காரா சொல்லு" என்றார்.

ஸ்கோர் என்ன என்று யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? "இருக்காரா" என்றுதான் கேட்டார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல், 264 பந்து இருந்தார். 96-ல் ஸ்லிப்பில் கேட்ச். மற்றவர்களில் ஒருத்தர்கூட 30-ஐத் தொடவில்லை. நாம் 16 ரன்னில் தோற்றோம். அன்று சாயந்திரம் எங்கள் கிளையில் கேஷ் டேலி ஆக ராத்திரி எட்டு மணி ஆனது. மேனேஜர் திட்டவில்லை.

தோற்ற ஆட்டம்தான் அது. ஆனாலும் அந்த பென்ஷன்காரர் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஈடன் கார்டன்ஸில் தோற்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நாம் சேனலை மாற்றிவிட்டோம். அங்கேயும் ஒருத்தர் நின்றார், நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு அணியிலும் சேர்த்து அந்த டெஸ்டில் அரைசதம் அடித்தது ஒரே ஒருவர்: தெம்பா பவுமா. 136 பந்தில் 55, நாட் அவுட். அவர் எதிரணி கேப்டன். நாம் சுழல் பிட்ச் போட்டோம். அதில் எப்படி ஆட வேண்டும் என்று அவர் நமக்குக் காட்டினார்.

கிரிக்கெட் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். என் வீட்டம்மா கேட்பார்: "பந்து வருது. அடிக்கிறதுக்குத்தானே மட்டை? ஏன் அதைத் தூக்கிக்கிட்டு வேடிக்கை பார்க்கிறார்?" நல்ல கேள்வி. டெஸ்ட் மேட்சில் பந்தை விடுவது சும்மா இருப்பது அல்ல. புதுப் பந்து பளபளப்பாக இருக்கும்போது அது ஸ்விங் ஆகும், எகிறும். இருபது முப்பது ஓவர் போனால் பளபளப்புப் போய்விடும். போடுகிறவரும் மனுஷன்தானே, அவருக்கும் முதுகு வலிக்கும். வெளியே போகிற பந்தை விட்டுக்கொண்டே இருந்தால், இவன் தொட மாட்டான் என்று அவர் உள்ளே போட ஆரம்பிப்பார். அப்போது நமக்கு வசதியான இடத்தில் பந்து வரும். காலையில் விட்ட பந்துக்கு மத்தியானம் ரன் வரும்.

இதைத் திறமையான ஆள் எப்படிச் செய்வான் என்பதற்கு 2004 சிட்னியைச் சொல்வேன். டெண்டுல்கர் அந்த ஆஸ்திரேலிய டூரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் செய்யப் போய் அவுட் ஆகிக்கொண்டிருந்தார். சிட்னியில், கவர் டிரைவே அடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார். அவருடைய அழகான ஷாட் அதுதான். அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். 436 பந்து, 241 ரன், நாட் அவுட். இருபது வருஷம் கழித்து, அதே நாட்டில் அதே வியாதி விராட் கோலிக்கு. பெர்த்தில் ஒரு சதம். மற்ற எட்டு இன்னிங்ஸும் சேர்த்து 90 ரன். எட்டு முறை அவுட், கிட்டத்தட்ட எல்லாமே வெளியே போகிற பந்தைத் தொட்டு விக்கெட் கீப்பருக்கோ ஸ்லிப்புக்கோ கேட்ச். கோலி லேசுப்பட்ட ஆள் அல்ல. 2014-ல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன்தான் எடுத்தார். தன்னைத் திருத்திக்கொண்டு 2018-ல் அங்கேயே 593 எடுத்தவர். இந்தத் தடவை அந்தக் கை நிற்கவில்லை. 2025 மே மாதம் டெஸ்டிலிருந்தே விலகிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அப்படிப்பட்ட மனிதருக்கே பந்தை விடுவது மறந்துபோகும் என்றால், அது எவ்வளவு சுலபமாகத் துருப்பிடிக்கிற கலை என்று பாருங்கள்.

துருப்பிடிக்க என்ன காரணம்? ஐ.பி.எல். என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி.

முதலில், பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. ஸ்பின் போட்டால் மட்டையைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, காலை நீட்டி, பேடில் வாங்கிக்கொள்ளலாம். முன்னங்காலில் வாங்கினால் அம்பயர் பெரும்பாலும் எல்.பி.டபிள்யூ. கொடுக்க மாட்டார். இப்போது டி.ஆர்.எஸ். வந்துவிட்டது. பேடில் பட்டால் கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டிவிடும். அதனால் மட்டையால்தான் ஆடியாக வேண்டும். மட்டையால் ஆடினால் ஷார்ட் லெக்கிலும் சில்லி பாயிண்டிலும் ஆள் காத்திருக்கிறான். இன்றைய பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே கஷ்டமான காலம்.

இரண்டாவது, டிராவுக்கு மதிப்பில்லை. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கில் வெற்றிக்கு 12 புள்ளி, டிராவுக்கு 4. அதனால் எல்லா ஊரிலும் முடிவு வருகிற மாதிரி பிட்ச் போடுகிறார்கள். மற்ற நாடுகளின் கதையும் நம் கதைதான். 2024 ஜனவரியில் கேப் டவுனில் ஒரு டெஸ்ட் மொத்தமே 642 பந்தில் முடிந்தது. அதில் நம்மவர்கள் 153-ல் நாலு விக்கெட் என்றிருந்து, ஒரு ரன்கூடச் சேராமல் 153-க்கே ஆல் அவுட். இலங்கை டர்பனில் 42. வெஸ்ட் இண்டீஸ் போன ஜூலையில் கிங்ஸ்டனில் 27. லாயிடும் ரிச்சர்ட்ஸும் ஆடிய நாட்டுக்கு 27! பெர்த்தில் ஆஷஸ் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்து, மூன்றாம் நாள் டிக்கெட் வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. பழக அவகாசமே இல்லை. 1998 மார்ச்சில் சேப்பாக்கம் டெஸ்டுக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஷேன் வார்ன் வந்திருந்தார். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் 4 ரன்னில் அவரிடம் அவுட். வெயிலில் தொண்டை வறண்டுபோய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது இன்னிங்ஸில் 155 நாட் அவுட், வார்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். இது அதிர்ஷ்டம் அல்ல. அந்தத் தொடருக்கு முன்பே சென்னைக்கு வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்சைச் சுரண்டிக் கரடுமுரடாக்கி, எல். சிவராமகிருஷ்ணனை அங்கேயே திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஆடிப் பழகினார். உலகத்தின் நம்பர் ஒன் பேட்ஸ்மேன், பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி.

இப்போது? நவம்பர் 8-ஆம் தேதி பிரிஸ்பேனில் டி-20 தொடர் முடிந்தது. 14-ஆம் தேதி கொல்கத்தாவில் டெஸ்ட் ஆரம்பம். கேப்டன் கில் இரண்டு அணியிலும் இருந்தார். இடையில் ஆறு நாள், அதில் விமானப் பயணம் வேறு. எம்பி எம்பி அடித்துக்கொண்டிருந்த கையை ஆறு நாளில் கட்டை போடப் பழக்க முடியுமா? முன்பெல்லாம் ரஞ்சியில் ஆடினார்கள். ஒவ்வொரு மாநில அணியிலும் நல்ல ஸ்பின்னர் இரண்டு பேர் இருப்பார்கள். லக்ஷ்மண் 1999-2000 ரஞ்சியில் 1,415 ரன் எடுத்தார். அடுத்த வருஷம்தான் ஈடன் கார்டன்ஸில் 281. அவரும் டிராவிடும் ஒரு நாள் முழுக்க அவுட் ஆகாமல் நின்றார்கள். 2025-இல் கோலி ரஞ்சி ஆட வந்தபோது, அவர் அதில் ஆடிப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் ஆட வேண்டும் என்று ஒரு இளைஞன் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பழைய கிளார்க் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 ரஞ்சி மேட்சுக்கு மேல் ஆடிய சீனியருக்கு 2021-ல் கிரிக்கெட் வாரியம் நிர்ணயித்த சம்பளம் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். ஏழு லீக் மேட்ச், நாலு நாள் வீதம் 28 நாள். ஒரு மேட்ச்கூட விடாமல் ஆடினால் 16 லட்சத்து 80 ஆயிரம். ஐ.பி.எல். 2025 ஏலத்தில் ஒரு வீரரின் மிகக் குறைந்த அடிப்படை விலை 30 லட்சம். அதற்கு மைதானத்தில் இறங்கக்கூட வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். உச்சத்தில் ரிஷப் பந்துக்கு 27 கோடி. நானே இருபது வயதில் இருந்தால் சிக்ஸர் அடிக்கத்தான் பழகுவேன். வாரியத்துக்கும் இது தெரியும். 2024-ல், ஒரு சீசனில் முக்கால்வாசி டெஸ்டுக்கு மேல் ஆடுகிறவர்களுக்கு மேட்சுக்கு 45 லட்சம் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். தாமதமானாலும் நல்ல காரியம். ஆனால் அது டெஸ்ட் அணிக்குள் வந்துவிட்டவர்களுக்கு. ரஞ்சியில் வெயிலில் நின்று கட்டை போடுகிற 19 வயதுப் பையனுக்கு என்ன இருக்கிறது?

புஜாராவைப் பாருங்கள். ராஞ்சியில் ஒரே இன்னிங்ஸில் 525 பந்து ஆடியவர். இந்தியர்களில் அது சாதனை. 2021-ல் நம்ம சென்னை அணி அவரை 50 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு மேட்சில்கூட இறக்கவில்லை. நாம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை. அதே 2021 ஜனவரி, இதே பொங்கல் வாரம், சிட்னி. அதற்கு மூன்று வாரம் முன்னால் அடிலெய்டில் 36-க்கு ஆல் அவுட் ஆன அணி. கடைசி நாள். புஜாரா 205 பந்து ஆடிவிட்டுப் போனார். பந்த் 97 அடித்துவிட்டுப் போனார். தொடையில் தசை கிழிந்த விஹாரியும், முதுகு பிடித்துக்கொண்டு குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத நம்ம அஸ்வினும் 40 ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23 ரன். டிரா. அன்றைக்கு நான் மருமகளிடம் பத்துத் தடவை கேட்டிருப்பேன்: "ரெண்டு பேரும் இருக்காங்களா?" அடுத்த வாரம் பிரிஸ்பேனில் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்றார். அதற்குப் பிறகுதான் பந்த் அடித்து ஜெயித்தார். அடிக்கிறவன் வேண்டாம் என்று யார் சொன்னது? அவன் வருகிறவரை ஒருத்தன் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தீபாவளி விடுமுறையில் பிளாக்குகளுக்கு இடையே ஆறு ஓவர் டோர்னமெண்ட் நடத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? என் பேரனும் ஆடினான். பதினொரு வயது. அவனுக்குப் பந்தை விடுவது எப்படி, கட்டை போடுவது எப்படி என்று இரண்டு வருஷமாக வராந்தாவில் சொல்லிக் கொடுப்பவன் நான். வாரம் இரண்டு நாள் கோச்சிங்கும் போகிறான். அங்கே சனிக்கிழமைகளில் "பவர் ஹிட்டிங்" என்று தனி வகுப்பு உண்டு. பந்தை விடுவதற்கு வகுப்பு கிடையாது.

அன்று ஏ பிளாக் பையன் ஒருவன் மூன்று பந்து அருமையாகப் போட்டான். மூன்றையும் என் பேரன் நேராக மட்டையைக் காட்டித் தடுத்தான். காலும் மட்டையும் சேர்ந்து வந்தது, அவ்வளவு அழகு. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "அடி, அடி" என்று கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் பலமாகக் கத்தியவன் நான். "அடிடா! என்ன கட்டை போட்டுக்கிட்டு நிக்கறே!" என்றேன். நாலாவது பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். ஸ்டம்ப் பறந்தது.

ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "தாத்தா, நல்ல பாலைத் தடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. ஆறு ஓவர் மேட்ச், அது வேறு, இது வேறு என்று ஏதோ மழுப்பினேன். அவன் பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம். அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் கொல்கத்தா. "இவங்களுக்கு நிக்கவே தெரியலையே" என்று இதே ஹாலில் முதலில் சொன்னவனும் நான்தான்.

சரி, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த சனிக்கிழமை முதல், காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, பி பிளாக் பின்னால் ஷட்டில் கோர்ட்டில் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் வைக்கலாம் என்று இருக்கிறேன். டென்னிஸ் பந்துதான். ரன் கணக்கு கிடையாது. ஒருவருக்கு முப்பது பந்து. போல்ட் ஆகக் கூடாது, கேட்ச் கொடுக்கக் கூடாது. கோர்ட்டின் கோட்டைத் தாண்டிப் பந்து போனாலும் அவுட். முப்பதையும் தாண்டினால் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும். நாற்பது, ஐம்பது என்று போகிறவர்களுக்கு என் செலவில் சாக்லேட். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை யாரும் வரலாம். எட்டு வயதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கார் கண்ணாடி உடையுமே என்று மெயின்டனன்ஸ் கமிட்டி நண்பர்கள் யோசிப்பது தெரிகிறது. பந்தைத் தூக்கி அடித்தால் அவுட் என்று விதி வைத்திருக்கிறேன். நம் குடியிருப்பில் கண்ணாடிக்கு ஆபத்தில்லாத கிரிக்கெட் இது ஒன்றுதான்.

பெற்றோரும் வந்து பார்க்கலாம். ஒரே நிபந்தனை, யாரும் "அடி" என்று கத்தக் கூடாது. நானும் கத்த மாட்டேன். கத்தினால் நூறு ரூபாய் அபராதம் வாங்கிக்கொள்ளும்படி பேரனிடமே சொல்லியிருக்கிறேன்.

பந்து போடத்தான் ஆள் வேண்டும். என் தோள்பட்டை இருபது பந்துக்கு மேல் தாங்காது. டி பிளாக்கில் ஒருவர் காலேஜ் நாளில் இடது கை ஸ்பின் போட்டவர் என்று கேள்விப்பட்டேன். அவர் இங்கேதான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொள்கிறார். சார், சனிக்கிழமை ஆறரைக்கு வந்துவிடுங்கள்.